கை வலி குறைந்த பிறகும் கோலம் விழாத வாசல்

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நாற்பது ஆண்டுகளாக விடியற்காலையில் கோலம் போட்டுவந்தவர் என் அக்கா. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையெங்கும் புழுதி பறந்த நாட்களிலும், இரண்டடி இடத்தைக் கழுவிவிட்டு நான்கு புள்ளியாவது வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்தினார். விரல்களுக்கு இடையில் மாவைப் பிடிக்க முடியாததால் நிறுத்தினார் என்றுதான் இன்று உறவினர்கள் சொல்கிறார்கள். நடந்த வரிசை அதுவல்ல. முதலில் கோலம் நின்றது, பிறகு பேச்சு குறைந்தது, பிறகு சாப்பாடு. விரல் கணுக்கள் வீங்கியது ஏழெட்டு மாதம் கழித்துத்தான்.

வீங்கியபின் நோய்க்குப் பெயர் கிடைத்தது: ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், எங்கள் ஆயா காலத்தில் சரவாங்கி என்று சொன்ன அதே நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றல் சொந்த மூட்டுகளையே அந்நியமாக எண்ணித் தாக்குவதால், இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், இடையில் ஃபோலிக் ஆசிட் என்று மாத்திரைகள் தொடங்கி ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்தது. கத்தரிக்கோலும் பல்லும் இல்லாமல் பால் பாக்கெட்டைப் பிரிக்க அக்காவால் முடிந்தது. அழற்சி, அதாவது எதிர்ப்பு ஆற்றல் கிளப்பும் வீக்கமும் சூடும், எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை அளவைப் பார்த்த மருத்துவர், "நல்லா கன்ட்ரோல்ல இருக்கும்மா" என்று சீட்டை மடித்துக் கொடுத்தார். அக்கா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "வலிதான் போச்சுன்றீங்களே, அப்பால இன்னாத்துக்கு இப்டி படுத்தே கெடக்குது?" வம்புக்காகக் கேட்டதாக இருக்கலாம். ஆனாலும் அந்த மூன்று ஆண்டுகளில் அக்காவைப் பற்றி யாரும் கேட்டவற்றுள் இதுவே சரியான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

தீராத நோய் வந்தால் மனம் சோரத்தான் செய்யும் என்ற விளக்கம் பொய்யல்ல. வலி, தூக்கமின்மை, பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலை எல்லாம் சேர்ந்தால் யாருக்கும் மனம் தளரும். ஆனால் நோய் இருப்பதே தெரியாத காலத்தில் தொடங்கிய சோர்வுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. ஒரு வீட்டின் கதையை வைத்துக்கொண்டு விதி எழுதக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். மகள் திருமணமாகிப் போன பிரிவும் அந்த ஆண்டில்தான் வந்தது. அதனால்தான் பெரிய எண்ணிக்கைகளைத் தேடிப் போனேன்.

டென்மார்க் நாட்டில் மக்களின் மருத்துவமனைப் பதிவுகள் முறையாகத் தொகுக்கப்படுகின்றன. அங்கே ஏறத்தாழ 35.6 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், தன்னெதிர்ப்பு நோய்க்காக மருத்துவமனைக்கு வந்தவர்களுக்குப் பின்னாளில் மனநிலைக் கோளாறு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 45 சதவீதம் கூடுதலாக இருந்தது. கடுமையான தொற்றுநோயும் சேர்ந்திருந்தவர்களுக்கு அது இரு மடங்கைத் தாண்டியது. நூற்றில் நாற்பத்தைந்து பேருக்கு மனச்சோர்வு வரும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. அந்த ஆய்வில் இருந்த மொத்தப் பேரில் மனநிலைக் கோளாறு பதிவானவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. அந்தச் சிறிய அளவின் மேல் ஏறும் கூடுதல்தான் இது. மனச்சோர்வு முதலில் வந்து தன்னெதிர்ப்பு நோய் பின்னால் வருவதும் அதே நாட்டில் வேறோர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பாதை ஒருவழிப் பாதை அல்ல என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் பொதுவான வேர் ஒன்று இருக்கலாம் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது.

உடல் இதை எப்படிச் செய்கிறது என்பதற்கு நம் அனுபவத்திலேயே விடை இருக்கிறது. 2006-இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டை உலுக்கியபோது படுத்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். காய்ச்சலில் பசி போகும், பேசப் பிடிக்காது, தொலைக்காட்சிச் சத்தம் எரிச்சலூட்டும், போர்த்திக்கொண்டு தனியே கிடக்கத் தோன்றும். இதைச் செய்வது கிருமி மட்டுமல்ல. எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்கள் இரத்தத்தின் வழியாகவும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளைக்குச் செய்தி அனுப்பி, ஓய்ந்து கிட என்கின்றன. காய்ச்சலில் ஒரு வாரம் இருந்தால் அது பாதுகாப்பு. தன்னெதிர்ப்பு நோயில் அந்தச் செய்தி ஆண்டுக்கணக்கில் ஓயாமல் போய்க்கொண்டிருந்தால் மனம் என்ன ஆகும் என்பதுதான் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி.

இதற்கு நான் கண்ட வலுவான சான்று இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற மருந்து. அதுவே ஒரு சைட்டோகைன். ஹெபடைட்டிஸ் சி நோய்க்கும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கும் அதை ஊசியாகப் போட்டபோது, கணிசமானோர் சில வாரங்களிலேயே மனச்சோர்வில் விழுந்தார்கள். 2001-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஊசி தொடங்குவதற்கு முன்பே மனச்சோர்வுக்கான மாத்திரையைப் பெற்ற 18 பேரில் 2 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 20 பேரில் 9 பேருக்கும் கடும் மனச்சோர்வு வந்தது. மனதைரியம் இல்லாதவர்களுக்குத்தான் இதெல்லாம் வரும் என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்ட எனக்கு நெடுநாள் ஆசை.

அதற்காக மனச்சோர்வு எல்லாமே அழற்சியால் வருவது என்று முடிவுகட்டிவிடலாகாது. மூட்டுவாதத்துக்குத் தரும் இன்ஃபிளிக்ஸிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தை, மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேரிடம் சோதித்த ஆய்வு 2013-இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பயனில்லை. இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீடு உயர்ந்திருந்தவர்களிடம் மட்டும் பயன் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. ஆகவே இது சிலருடைய மனச்சோர்வின் கதை. எல்லோருடைய கதையும் அல்ல.

என் குறை மருத்துவம் கூறுபோடப்பட்டிருப்பதைப் பற்றியது. மூட்டு பார்க்கும் இடத்தில் மனதைக் கேட்பதில்லை. பிறகு நாங்கள் போன மனநல மருத்துவரிடம் அக்காவின் மாத்திரைச் சீட்டை நானாகத்தான் நீட்ட வேண்டியிருந்தது. அதில் ஸ்டீராய்டும் இருந்தது, அதுவும் மனநிலையைக் குலைக்கக் கூடியது. மனச்சோர்வு என்று வரும் பெண்ணுக்குத் தைராய்டு சுரப்பியின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனை செய்தால், சிலருக்காவது தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ என்ற தன்னெதிர்ப்பு நோய் பிடிபடும். மூட்டுவலி என்று வருபவரிடம், கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா என்று இரண்டே கேள்விகள் கேட்கலாம். உலகெங்கும் புழக்கத்தில் உள்ள கேள்விகள்தாம், ஒரு நிமிடம் போதும்.

வீடுகளிலும் ஒரு தடை இருக்கிறது. நம் பக்கத்தில் மனநல மருத்துவம் என்றாலே, "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணுமா?" என்ற கிண்டல் வந்து நிற்கும். 1794 முதல் சென்னையில் இயங்கிவரும், இப்போது கீழ்ப்பாக்கத்தில் உள்ள ஒரு மனநல மருத்துவ நிலையத்தை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்து அக்காவை அழைத்துப்போக நான் ஓராண்டு தாமதித்தேன்.

இப்போது அவர் இரண்டு நோய்க்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டு சீட்டையும் காட்டுகிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் மெத்தோட்ரெக்சேட்டையோ ஸ்டீராய்டையோ தாமாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசுகிறார்கள். எங்கள் வாசலில் தற்போது ஒட்டுக்கோலம்தான் இருக்கிறது, ஓரம் பிய்ந்துகொண்டு. அது கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது என்று போன வாரம் அக்கா என்னைத் திட்டினார்.