எல்லா கார்டன் டிராக்டருக்கும் (தோட்டத்துல புல் வெட்டுற சின்ன டிராக்டர்) ஆயில் கூலர் போட முடியாது
மேல ஒருத்தர் "எந்த கார்டன் டிராக்டரா இருந்தாலும் கார் கியர்பாக்ஸ் ஆயில் கூலர் ஒண்ண லைன்ல சேர்த்துட்டா போதும், சூடானதும் மேடு ஏறாம திணறுறது சரியாகிடும்"னு எழுதிருக்கார், தயவுசெஞ்சு அத நம்பி காச விட்றாதீங்க. அமெரிக்கால நிறைய சின்ன வண்டிகள்ல வர்ற டஃப் டார்க் கம்பெனியோட கே46 மாதிரி ஹைட்ரோஸ்டேட்ல (ஆயில் பிரஷர்ல சக்கரத்த சுத்த வைக்கிற கியர்பாக்ஸ்) பம்ப், மோட்டார், ஆக்சில் எல்லாம் ஒரே கூட்டுக்குள்ள இருக்கு, வெளிய ஆயில் லைனே கிடையாது, அப்புறம் கூலர எங்க சேர்க்கிறது? பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஓட்டை போட்டு எடுத்தீங்கன்னா அங்க லோடுல பிரஷர் ஆயிரம் பிஎஸ்ஐ தாண்டும், கார் கூலரும் ரப்பர் ஹோஸும் பிச்சுக்கிட்டு கொதிக்கிற ஆயில் கால்ல அடிச்சிடும். வெளி லைன் உள்ள பெரிய வண்டில போடலாம், அதுவும் டேங்குக்கு திரும்புற லோ பிரஷர் லைன்ல மட்டும்.

வண்டி சூடாகி திணறுதுன்னா முதல்ல அந்த ஹைட்ரோஸ்டேட் யூனிட் மேல இருக்கிற ஃபேன பாருங்க. நான் பார்த்த ஒரு வண்டில ரெண்டு பிளேடு உடைஞ்சு, ஃபின் (சூட்ட வெளியேத்துற தகடு) நடுவுல புல்லும் ஆயிலும் சேந்து களிமண் மாதிரி இறுகிக் கெடந்துச்சு, ஸ்க்ரூடிரைவர் வெச்சு நோண்டித்தான் எடுத்தேன். பெல்ட் வழுக்குதான்னும் பாருங்க. ஆயில் மாத்தணும்னா கே46ல டிரெயின் பிளக் இல்ல, யூனிட்டயே கழட்டி கவுத்துத்தான் பழைய ஆயில வெளிய ஊத்தணும்.