“யோசியாதேங்கோ” என்று இனி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்

போன மாதம் நெஞ்சுப் படபடப்பு, பிடரி விறைப்பு, இரவில் நித்திரை இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். விடிய ஐந்தரைக்கு ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, பதினொன்றரை வரை வாங்கில் இருந்தேன். உள்ளே கூப்பிட்டுப் பிறசர் பார்த்தார்கள். கூடத்தான் இருந்தது. “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அம்மா, நல்லா நித்திரை கொள்ளுங்கோ” என்று பனடோல் எழுதித் தந்தார்கள். இரண்டு நிமிடம்கூட இல்லை. நித்திரை வரவில்லை என்றுதானே ஐயா வந்தேன்!

வீட்டுக்கு வந்தால் மாமியும் அதே சொல். பக்கத்து வளவு அக்காவும் அதே சொல். கோயிலடியில் கண்ட பெரியம்மா அதற்கு மேல் ஒரு படி போனா: “முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்த எங்களுக்கு இதெல்லாம் ஒரு விசயமே பிள்ளை?”

இந்தக் கதையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2009 இல் கைக்குழந்தையோடு பங்கருக்குள் கிடந்தோம், மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் வெயில் குடித்தோம், எல்லாம் உண்மை. அதைத் தாங்கிய உடம்பு என்பதற்காக இனி எதை ஏற்றினாலும் தாங்கும் என்று யார் சொன்னது? சுமந்து சுமந்து தேய்ந்த தோள் இது.

மறுபக்கம் பார்த்தால், எங்களுக்கு உதவ என்று வருகிறவர்கள் எதைச் சொன்னாலும் “போர் பாதிப்பு” என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் வியாழக்கிழமை கட்ட வேண்டிய கடனைப் பற்றிச் சொல்கிறேன், அவர்கள் 2009 ஐ எழுதுகிறார்கள். ஒரு பக்கம் போரைக் காட்டி வாயை மூடு என்கிறார்கள், மறுபக்கம் எல்லாவற்றையும் போருக்குள் போட்டு மூடுகிறார்கள். இன்றைக்கு, இந்தக் கிழமை என்னை எது நெரிக்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை.

கேட்க ஆளில்லை என்றபடியால் நானே கேட்டேன். மகளின் பழைய கொப்பி ஒன்றில் மிச்சமாய்க் கிடந்த ஒற்றைகளை எடுத்தேன். நெஞ்சு அடிக்கத் தொடங்கினால், பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தால், அந்த நேரத்தையும் அதற்குச் சற்று முன்னம் என்ன நடந்தது என்பதையும் எழுதினேன். வேறொன்றும் இல்லை. இரண்டு கிழமை.

பிறகு இருந்து வாசித்தேன். புதன்கிழமை பின்னேரம் என்று ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் இருந்தது. புதன் பின்னேரம் எங்கள் வீட்டில் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் வியாழன் காலை பத்து மணிக்குக் குழுக்கடன் கட்ட வேண்டும். தையல் மெசினுக்கு எடுத்த ஒரு லட்சம். கிழமைக்கு 2,700 ரூபாய்ப்படி 52 கிழமை, கூட்டிப் பாருங்கள், 140,400. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து அவளுடையதையும் கட்ட வேண்டும். அதனால் காசைவிடப் பெரிய பயம் பக்கத்து வீட்டுக்காரியின் முகம். என் உடம்பு ஒரு நாள் முன்னமே அந்த முகத்தைக் கண்டு பயப்படத் தொடங்கியிருக்கிறது.

இது என் மனதின் பலவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற ஒரு லட்சம் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வந்தது. “யோசியாதேங்கோ” என்று சொல்லித் தீர்கிற விசயம் என்றால் எதற்கு அந்தத் தள்ளுபடி?

கொப்பியில் இரண்டாவதாக நின்றது யானை வெடி. மார்கழி, தையில் கதிர் பால் பிடிக்கும்போது முத்தையன்கட்டுப் பக்கத்து வயல்களில் யானை இறங்கும். இவர் காவல் கொட்டிலில் படுப்பார். யானை வந்தால் வெடி போடத்தான் வேண்டும், இல்லையென்றால் ஒரு போகமே போய்விடும். ஆனால் நடுச்சாமத்தில் அந்தச் சத்தம் கேட்டால் நான் பாயில் இருந்து துள்ளி எழுந்து பிள்ளைகளைத் தடவிப் பார்ப்பேன். எங்கே இருக்கிறேன் என்று தெரிய ஒரு நிமிடம் எடுக்கும். விடியும் வரை நித்திரை இல்லை. இங்கேதான் போர் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னை எழுப்புகிறது வெடி. அதற்கு வழி இருந்தது. வெடி போட முன்னம் இவர் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் அடிப்பார். போன் அதிர்ந்தால் சத்தம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான். துள்ளி எழுவது பாதியாய்க் குறைந்துவிட்டது. இத்தனை வருடம் இதை ஏன் செய்யவில்லை என்று நினைக்கத்தான் அழுகை வருகிறது.

பஸ், பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை, தெரியாத நம்பரில் இருந்து வரும் கோல், இவையும் கொப்பியில் உண்டு. சிலதை மாற்றலாம், சிலதை மாற்ற முடியாது. பஸ் என் கையில் இல்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து “எத்தினை புள்ளி?” என்று கேட்பது என் கையில்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

கடனுக்கு என்ன செய்தேன் என்றால், குழுவில் மூன்று பேரோடு வாய் திறந்து கதைத்தேன். அவர்களுக்கும் புதன்கிழமை நித்திரை இல்லையாம்! ஒரே தெருவில் நாலு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் முழித்துக் கிடந்திருக்கிறோம். இப்போது ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுப்பதில்லை என்று முடிவு. கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று காசு கட்டிய துண்டைப் பார்த்து எழுதி வைக்கிறோம். இரவில் வீட்டுக்கு வந்து காசு கேட்கக் கூடாது என்று கடன் அறவிட வருகிறவர்களிடம் நாலு பேரும் சேர்ந்தே சொன்னோம். வருவது நின்றது.

மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் நெஞ்சடிப்பு இறங்கும், நானும் செய்கிறேன். ஆபத்து என்று கண்டால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து ஓட ஆயத்தமாகும், ஆபத்து போனால் அடங்கும், அது நல்லதுதான். கிழமைக்குக் கிழமை அதே ஆபத்து வந்து நின்றால் அந்த உடம்பு எப்போது அடங்குவது? நித்திரையும் பிறசரும் வயிறும் கெடாமல் என்ன செய்யும்? மூச்சு வியாழக்கிழமையைக் கடக்க உதவும், வியாழக்கிழமையை இல்லாமல் ஆக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள் கணக்காக நித்திரை, சாப்பாடு இல்லாமல், செத்துப் போகலாம் என்ற நினைப்பு வருகிறவர்கள் கொப்பியோடு தனியே இருக்கக் கூடாது. 1926 க்கு அடியுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். ஆஸ்பத்திரியில் உளவளத்துணையாளர் இருந்தால் அவரைத்தான் பார்க்க வேண்டும் என்று வாய் விட்டுக் கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்காமல் பனடோலோடு திரும்பினேன்.

என் கடனில் இன்னும் 19 வியாழன் இருக்கிறது. கொப்பியின் பின்மட்டையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன், கட்டக் கட்ட வெட்டுகிறேன். “யோசியாதேங்கோ” என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் அந்தக் கோடுகளை ஒருக்கால் எண்ணட்டும்.