கேன்சல் பொத்தானை இருமுறை அழுத்தினால் பின் எண் திருடப்படாதா?

ஏடிஎம்மில் அட்டையைச் செருகும் முன் கேன்சல் பொத்தானை இருமுறை அழுத்தினால் பின் எண்ணைத் திருட முடியாது என்று, ரிசர்வ் வங்கியின் பெயரில் ஒரு செய்தி தியாகராய நகர் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மீண்டும் சுற்றுகிறது. இது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே முன்பு மறுத்திருக்கிறது. கேன்சல் பொத்தான் நடப்பிலுள்ள பரிவர்த்தனையை நிறுத்தும், அவ்வளவுதான். அட்டை நுழையும் வாயில் ஒட்டப்படும் ஸ்கிம்மர் என்ற திருட்டுக் கருவி அட்டையின் காந்தப் பட்டையைப் படிக்கிறது. மேலே மறைத்து வைத்த, பட்டாணி அளவுகூட இல்லாத கேமரா விரல்களைப் பார்க்கிறது. இரண்டுக்கும் இயந்திரத்தின் மென்பொருளோடு தொடர்பே இல்லாததால், எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் (சிலர் நான்கு முறை அழுத்துகிறார்கள்!) அவை பாட்டுக்கு இயங்கும். மறு கையால் விசைகளை மறைத்துக்கொள்வதும், அட்டை வாயைச் சற்று அசைத்துப் பார்ப்பதும்தான் பயன் தரும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.