மலைநாட்டுக்கு டர்போ ஆடம்பரமல்ல

அல்டோ காரின் டர்போ பூட்டிய வகையான சுசுகி அல்டோ வேர்க்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "சின்னக் காருக்கு ஏன் இந்த வீம்பு?" என்று கேட்கிறார்கள். கொழும்பில் இருப்பவர் கேட்டால் ஒப்புக்கொள்வேன். காலி வீதி நெரிசலில் அந்தக் காருக்கு வேலையே இல்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருப்பவர்கள் கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நுவரெலியாவுக்குப் போகும் வழியில் றம்பொடை ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு பேரும் ஓர் அரிசி மூட்டையும் ஏறிய சாதாரண அல்டோ. முன்னால் லொறி, பின்னால் ஹோர்ன் அடித்து உயிரை எடுக்கும் பஸ். ஏசியை அணைத்து, இரண்டாம் கியருக்கு இறக்கி, மிதியைத் தரைவரை அழுத்தினாலும் எஞ்சின் கத்துகிறதே தவிர கார் ஏற மறுக்கிறது. ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்துவிடும். கீழேயே ஐம்பது குதிரைவலுவைத் தொடாத 796 சிசி எஞ்சினில் மேலே போனால் மிச்சம் என்ன இருக்கும்? டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இழப்பின் பெரும்பகுதி சரிக்கட்டப்படுகிறது.

வேர்க்ஸ் 1987இலேயே 64 குதிரைவலுவுடன் வந்தது. ஜப்பானில் 'கே' (kei) எனப்படும் சின்னக் கார் வகைக்கு இன்றுவரை அதுதான் உச்சவரம்பு. 2015இல் மீண்டும் வந்த வேர்க்ஸின் எஞ்சின் 658 சிசிதான். எடை 670 கிலோ. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தொட்டதுமே முழு இழுவையும் கிடைக்கிறது. நாள் முழுக்க இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே கியர் மாற்றிக்கொண்டிருக்கும் நமக்கு வேறென்ன வேண்டும்?

குறை இல்லாமல் இல்லை. சஸ்பென்ஷன் இறுக்கம். குண்டும் குழியுமான தோட்டத்து வீதியில் முதுகு பதில் சொல்லும். விலையும் கைக்கு எட்டாது; 2020இல் வந்து 2025இல் நீக்கப்பட்ட இறக்குமதித் தடையின் காலத்தில் பழைய கார்களுக்கே பொன் விலையாக இருந்தது.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. சாதாரண அல்டோவில் 'வேர்க்ஸ்' ஸ்டிக்கரை ஒட்டி, சைலன்சரை வெட்டி, இரவு பத்து மணிக்கு தோட்டத்து லய வீடுகளில் தூங்கும் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போகும் கூட்டம். சத்தம் மேட்டை ஏற்றாது, தம்பிமாரே. வேகம் காட்ட ஆசையென்றால் ஏப்ரல் சீசனில் நுவரெலியா மாகஸ்தோட்டையில் மலையேற்றப் போட்டி நடக்கிறது, அங்கே காட்டுங்கள்.

அசல் வேர்க்ஸை மலையில் ஓட்டுகிறவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். டர்போவைவிட அந்த சஸ்பென்ஷன் தோட்டத்து வீதியில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.