கொல்லையில் ஒரு மேடை

(மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்று. புரட்டாசி மாதக் காலை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாமிநாதன் கையில் செல்பேசி. தச்சர் கலியமூர்த்தியின் காதில் பென்சில். அது எழுதி யாரும் பார்த்ததில்லை.)

சாமிநாதன்: பாருங்கள் ஆசாரியாரே, டொரன்டோவில் மகள் வீட்டுக் கொல்லை. பலகை அடித்து மேடை போட்டிருக்கிறார்கள். ‘டெக்’ என்று பெயர். மாப்பிள்ளை அதில் உட்கார்ந்துதான் காப்பி குடிப்பாராம்.

கலியமூர்த்தி: நம் ஊர்த் திண்ணையைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். சரி, நீங்கள் இங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பீர்கள்?

சாமிநாதன்: இயற்கையை.

கலியமூர்த்தி: எதிரே பங்காளி வீட்டு எருக்குழி இருக்கிறது ஐயா.

சாமிநாதன்: அதுவும் இயற்கைதானே! மரத்தைச் சொல்லுங்கள். அங்கே பைன் மரமாம்.

கலியமூர்த்தி: அது மருந்து ஏற்றிய பைன். மருந்து ஏறாத பலகையை இங்கே போட்டால் கறையானுக்குப் பந்தி விரித்த மாதிரி.

சாமிநாதன்: அப்படியானால் தேக்கு.

கலியமூர்த்தி: தேக்கிலும் நடுவிலுள்ள கெட்டி வைரம்தான் நிற்கும், ஓரத்து வெளிறைக் கறையான் விடாது. மேடை முழுக்க வைரப் பலகை வேண்டுமென்றால் ஆற்றங்கரை வயலை விற்க வேண்டும்.

சாமிநாதன்: வயல் எதற்கு? கஜா புயலில் சாய்ந்த தென்னை அந்த மூலையில் கிடக்கிறதே! 2018 நவம்பரிலிருந்து பத்திரமாக வைத்திருக்கிறேன்.

(கலியமூர்த்தி போய்க் கட்டைவிரலால் அழுத்துகிறார். விரல் கணுவரை உள்ளே போகிறது. மரவட்டை ஒன்று வெளியே வந்து, வந்தவர் யாரென்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.)

கலியமூர்த்தி: தென்னைக்கு வெளிச்சுற்றுதான் கெட்டி, நடுவில் பஞ்சு. விழுந்த கையோடு அறுத்து நிழலில் உலர்த்தியிருந்தால் நாலு சட்டமாவது தேறியிருக்கும். இப்போது இது மரவட்டையின் பூர்வீகச் சொத்து. பட்டா மாற்றுவது கஷ்டம்.

சாமிநாதன்: மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை விற்கிறார்களாமே? கறையான் தொடாதாம்.

கலியமூர்த்தி: தொடாது. சித்திரை வெயிலில் நீங்களும் தொட முடியாது.

சாமிநாதன்: பின் எதைத்தான் போடுவது?

கலியமூர்த்தி: பலகை இருக்கட்டும், முதலில் மண்ணைப் பாருங்கள். (குச்சியால் கிளறுகிறார்.) சுத்தக் களி. ஜூன் 12 மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தால் ஊறி உப்பும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இதில் மரக்காலை நட்டால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். மேடை ஊஞ்சலாகிவிடும். அதனால் கருங்கல் கால்களை ஆழமாக ஊன்றி, அதன்மேல் பனஞ்சட்டம், அதற்குமேல் முற்றிய வேப்பம்பலகை. சட்டத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசலாம். மரப்படகுக்கே அதைப் பூசுவார்கள். காய்கிறவரை கை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

சாமிநாதன்: ஆணி என்னிடமே ஒரு டப்பா இருக்கிறது.

கலியமூர்த்தி: அந்தத் துரு டப்பாவைத் தெரியும், போன வருடம் மாட்டுக்கொட்டகைக்கும் அதைத்தான் நீட்டினீர்கள். இதற்கு எவர்சில்வர் திருகாணி. பலகைக்குப் பலகை 5 மில்லிமீட்டர் இடைவெளியும் வேண்டும்.

சாமிநாதன்: இடைவெளியா? காசு விழுந்துவிடுமே!

கலியமூர்த்தி: உங்கள் ஓய்வூதியம் வங்கிக்குத்தானே போகிறது? உங்கள் கையிலிருந்து காசு விழுந்து இந்த ஊரில் யார் பார்த்தார்கள்? மழைத்தண்ணீர் வடியத்தான் இடைவெளி.

சாமிநாதன்: சரி, சரி. ஐப்பசியில் ஆரம்பித்துவிடுங்கள். பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள்.

கலியமூர்த்தி: ஐப்பசி அடைமழையில் மரவேலையா? பலகை ஈரம் குடித்து உப்பியிருக்கும், வெயில் வந்ததும் சுருங்கிக் கோணும். தை பிறந்து மரம் காயட்டும், பிறகு பார்க்கலாம்.

சாமிநாதன்: மாப்பிள்ளை காப்பியை எங்கே உட்கார்ந்து குடிப்பார்?

கலியமூர்த்தி: என் வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது. தூக்கி வந்து போடுகிறேன். மழையில் கிடக்கும், வெயிலில் கிடக்கும், கறையான் கிட்டவே வராது.

சாமிநாதன்: அடடா! அதைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் பேசினீர்களே! என்ன மரம் அது?

கலியமூர்த்தி: இரும்புக் குழாய் ஐயா. நைலான் நாடா.