ரோட்மேப்பைப் பார்த்து பில்டரை மாற்றாதீர்கள்

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "எலிமென்டாரை விட்டுட்டு பிரிக்ஸுக்குப் போயிடலாமா?" இரண்டும் வேர்ட்பிரஸ் தளத்தின் பக்கங்களை மவுஸால் இழுத்து வைத்து அமைக்க உதவும் பில்டர்கள். கேட்ட மூவரும் வேலை தெரிந்தவர்கள்தான். மூவருக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டது ஏதோ ஒரு டெமோ வீடியோ. அடுத்த பதிப்பில் வரப்போகும் வசதியை ஒருவர் மவுஸால் இழுத்து இழுத்துக் காட்டுகிறார். பார்க்கிற நமக்குக் கை பரபரக்கிறது.

எனக்கும் ஒருமுறை பரபரத்தது. பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பில்டரின் (பெயர் எதற்கு) ரோட்மேப்பில், அதாவது இனி வரப்போகும் வசதிகளின் பட்டியலில், 'கம்போனென்ட்' வசதி விரைவில் என்று போட்டிருந்தார்கள். ஒரு கார்டை (படம், தலைப்பு, சில வரிகள் கொண்ட பெட்டி) ஓரிடத்தில் திருத்தினால் போதும், அது இருக்கிற பக்கம் எல்லாவற்றிலும் மாறிவிடும். அதை நம்பி, நாற்பது பக்கத் தளம் ஒன்றை முழுதாக அதற்கு மாற்றினேன். அந்த 'விரைவில்' பதினான்கு மாதம் அசையவே இல்லை. அதற்குள் அதே கார்டை இருபத்தாறு பக்கங்களில் கையால் காப்பி, பேஸ்ட் செய்திருந்தேன். ஒருவழியாக வசதி வந்தது. ஆனால் ஏற்கெனவே ஒட்டிய கார்டுகள் தாமாக கம்போனென்ட் ஆகாது, ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டுமாம். இருபத்தாறு பக்கத்தையும் மறுபடி திறந்தேன்.

மாற நினைப்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் எரிச்சல் நியாயமானது. எலிமென்டாரின் பழைய அமைப்பில் ஒரு தலைப்பு வைத்தாலே செக்‌ஷன், நெடுவரிசை, விட்ஜெட் என்று அடுக்கடுக்காக டிவ் (ஹெச்டிஎம்எல் பெட்டி) சேரும். பக்கத்தில் இப்படிச் சேரும் ஹெச்டிஎம்எல் உறுப்புகள் 800ஐத் தாண்டினால், பக்கத்தின் வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியின் முந்தைய பதிப்புகள் எச்சரித்தன, 1,400ஐத் தாண்டினால் சிவப்பு காட்டின. கொஞ்சம் கனமான முகப்புப் பக்கம் இதைச் சுலபமாகத் தொட்டுவிடும். 2022இல் இந்த அடுக்குகளைக் குறைக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் கன்டெய்னர் வந்த பிறகு நிலைமை தேவலை. ஆனால் பழைய பக்கங்களை யார் உட்கார்ந்து மாற்றுவது?

அப்புறம், வரப்போகிறது என்று காட்டப்படும் வசதிகளில் பாதி, பிரவுசரில் ஏற்கெனவே இருக்கும் சிஎஸ்எஸ்தான், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி. கன்டெய்னர் குவெரியை எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் அகலத்தைப் பார்க்காமல், தான் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அகலத்தைப் பார்த்து ஒரு கார்டு வடிவம் மாறுவது. 2023 பிப்ரவரியிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. பில்டர் அதற்கு மேல் ஒரு பட்டன் வைக்கிறது, அவ்வளவுதான். சிஎஸ்எஸ் தெரியாதவருக்கு அந்தப் பட்டன் பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தன்னை டெவலப்பர் என்று சொல்லிக்கொள்பவர் ஐந்து வரிக்காகத் தளத்தையே பெயர்த்தெடுப்பது எனக்குப் புரியவில்லை.

நான் பார்ப்பது வேறு. தளத்துக்கு ஒரு ஸ்டேஜிங் காப்பி (சோதனைக்கான நகல்) எடுங்கள். அதில் பில்டரை டிஆக்டிவேட் செய்துவிட்டுப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். என்ன மிஞ்சுகிறது?

வடிவமைப்பை அடைப்புக்குறிக் குறியீடுகளாகப் பதிவுக்குள்ளேயே எழுதும் ஷார்ட்கோட் வகைப் பில்டர் என்றால் பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகள் கொட்டிக் கிடக்கும், நடுநடுவே உங்கள் வாக்கியங்கள் எட்டிப் பார்க்கும். எலிமென்டார் தன் வடிவமைப்பை ஜேசன் என்ற தரவு வடிவில், பதிவின் உள்ளடக்கத்துக்கு வெளியே போஸ்ட்மெட்டா என்ற தனி இடத்தில் வைக்கிறது. அணைத்தால் எழுத்தும் படமும் ஓரளவு நிற்கும், அழகு போய்விடும். பிரிக்ஸும் போஸ்ட்மெட்டாதான், போதாக்குறைக்கு அது தனியாகச் சேர்க்கும் ப்ளகின் அல்ல, தளத்தின் தோற்றத்தையே தாங்கும் தீம். அங்கிருந்து கிளம்புவது என்றால் வீட்டோடு கிளம்புவது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0உடன் வந்த பிளாக் எடிட்டரை ஆரம்பத்தில் திட்டாதவர் யார்? நானும் திட்டினேன். ஆனால் அது ஹெச்டிஎம்எல்லைப் பதிவின் உள்ளடக்கத்திலேயே சேமிக்கிறது. வேறு ப்ளகினின் பிளாக் என்றாலும் பெரும்பாலும் எழுத்து தப்பித்துவிடும்.

மாறாமல் இருந்தாலும் சில சமயம் மாற்றம் நம்மைத் தேடி வரும். ஆக்சிஜன் என்ற இன்னொரு பில்டரை உருவாக்கியவர்களே 2022இல் பிரேக்டான்ஸ் என்ற புது பில்டரைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆக்சிஜன் 6ஐ அந்த அடித்தளத்தின் மேல் எழுப்பினார்கள். பழைய ஆக்சிஜனில் கட்டிய தளம் அதில் அப்படியே திறக்காது. பெயர் ஒன்றுதான், ஆனால் கிட்டத்தட்ட வேறு கருவி. வாழ்நாள் லைசென்ஸ் வாங்கும்போது யாருடைய வாழ்நாள் என்று நாம் கேட்பதில்லை.

கிளையன்ட் தரப்பில் பக்கத்தைத் திருத்துபவரையும் மறந்துவிடுகிறோம். போன வருடம்தான் 'இந்தப் பென்சிலைத் தட்டுங்கள்' என்று படம் போட்டுக் கொடுத்தோம். இப்போது பென்சிலே இல்லை.

புதுக் கருவி பிடித்திருந்தால் புதிதாக வரும் சின்னத் தளம் ஒன்றில் போட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் வேண்டாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், பிரிக்ஸ் எனக்குப் பிடித்தும் இருக்கிறது. சிஎஸ்எஸ் கிளாஸ் வைத்து வேலை செய்து பழகியவர்களுக்கு அது சுகம்.

அந்த மூவரில் ஒருவருக்கு எதற்காக மாற வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டேன். சைட்பாரில் வைத்தால் ஒடுங்கி நிற்கும் கார்டு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். தாய்ப் பெட்டிக்கு கன்டெய்னர் டைப் என்று ஒரு வரி, அகலம் குறைந்தால் ஒரே நெடுவரிசையாகு என்று ஒரு நிபந்தனை. இருக்கிற தளத்தின் கஸ்டம் சிஎஸ்எஸ் பெட்டியிலேயே ஒட்டினார். வேலை செய்தது. டெமோ வீடியோவை மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.