ஃபெண்டர் வாங்குவதற்கு முன் சுக்கானை அளந்தீர்களா?

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் ஓட்டப் புதிதாக நேரோபோட் என்ற ஒடுங்கிய நீளப் படகை வாங்கியவர்கள், பின்பக்க ஃபெண்டரை, அதாவது இடி தாங்கும் கயிற்று மெத்தையை, ஏதோ கல்யாண மாலை எடுப்பதுபோலத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வெள்ளைக் கயிறா கறுப்பா, ஒரு அடுக்கா மூன்று அடுக்கா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். சுக்கான் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

அந்த ஃபெண்டர் அங்கே இருப்பதே சுக்கானுக்காகத்தான். 57 அடிப் படகு சுமார் 15 டன்னாவது இருக்கும். ரிவர்ஸில் எவ்வளவு மெதுவாக வந்தாலும், கரைக் கல்லில் முதலில் மோதுவது சுக்கான் என்றால் அத்தனை எடையும் அந்த ஒரு தகட்டின் மேல் இறங்கும். அடியில் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் தண்டு எகிறி வெளியே வந்துவிடலாம். அதைவிட மோசம், சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லர் ஒரு பக்கமாக வீசி அடிப்பது. அதன் வீச்சுக்குள் நிற்பவரைத் தண்ணீரில் தள்ளிவிடும்.

அளப்பது சுலபம். டில்லரை நேராக வையுங்கள். படகுக் கழியைத் தண்ணீருக்குள் விட்டு, சுக்கானின் பின் விளிம்பில் ஒட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். மேலே, பின்தளத்தின் இரும்பு விளிம்பிலிருந்து கழிவரைக்கும் டேப் பிடித்தால் கணக்கு வந்துவிடும். ஃபெண்டர் அதைத் தாண்டி நீட்ட வேண்டும். இடிக்கும்போது கயிறு அமுங்கும் என்பதால், நான்கு விரல் கூடுதலாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி. நிறையப் படகுகளுக்கு டிப்கேட் என்கிற வளைந்த ஃபெண்டர் ஒன்றும் அதன் பின்னால் பட்டன் என்கிற உருண்டை ஃபெண்டர் ஒன்றும் போதும்.

இரண்டு டிப்கேட், ஒரு பட்டன் என்பது பழைய சரக்குப் படகுகளின் வழக்கம். இன்ஜின் இல்லாத இன்னொரு படகைக் கிட்டக் கட்டி இழுத்துப் போவார்கள். அதன் மூக்கு வந்து முட்டுவது இந்த ஃபெண்டரில்தான். அந்தச் சரக்கு வேலை 1970 வாக்கில் ஏறக்குறைய முடிந்துபோனது. இன்று தேவையில்லாமல் மாட்டினால் எடையும் நீளமும்தான் மிச்சம். கால்டர் ஹெப்பிள் கால்வாய்ப் பக்கம் போனால், 57 அடிக்குக் கொஞ்சம்தான் கூடுதலான அந்த லாக்குகளில் (கேட்டுகளுக்கு நடுவே தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மட்டம் மாற்றும் தொட்டிகளில்) ஃபெண்டரைக் கழற்றி மேலே போட வேண்டியிருக்கும்.

தேங்காய் நார்க் கயிறு தண்ணீர் குடித்துத் தொங்கும், சீக்கிரம் இற்றுப்போகும். சின்தெடிக் நாள்பட உழைக்கும். கிணற்றுக் கயிறு பிடித்து வளர்ந்த கை நார்ப் பக்கம் சாய்கிறது. பர்ஸ் மறுபக்கம்.

இதையெல்லாம்விட நான் சண்டை போடுவது ஃபெண்டரைப் படகோடு பிடித்திருக்கும் சங்கிலிக்காக. மேல்நோக்கி ஏறும் லாக்கில் தண்ணீர் பாயும்போது படகு முன்னும் பின்னும் ஆடும். பின்னால் கீழ் கேட்டின் குறுக்குக் கட்டைக்கு அடியில் ஃபெண்டர் மாட்டிக்கொண்டால், மூக்கு மேலே போகும், பின்பக்கம் எழும்பாது, தண்ணீர் தளத்தின் மேல் ஏறிவிடும். படகு மூழ்க அது போதும். அதனால் எந்தப் பக்கம் இழுபட்டாலும் முதலில் அறுந்துபோகிற மாதிரி ஒரு பலவீனக் கண்ணி வேண்டும். மெல்லிய ஷேக்கிள் (சங்கிலியை மாட்டும் இரும்பு வளையம்) போடலாம், பாதி அறுத்த கண்ணி வைக்கலாம். சங்கிலி தொய்வில்லாமல் இருக்கட்டும். கீழ்ச் சங்கிலி இல்லாவிட்டால் இடிக்கும்போது ஃபெண்டர் மேலே ஏறிக்கொள்ளும், சுக்கான் மறுபடி வெளியே நிற்கும்.

பழைய படகு வாங்கியவர்கள் நாளைக் காலையிலேயே குனிந்து பாருங்கள். முந்தைய ஓனர் எல்லா இடத்திலும் தடித்த ஷேக்கிளாகவே போட்டு முறுக்கி வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.